எட்டுக் கால்

"டீச்சர், இலை எல்லாம் மரத்திலேயே இருக்கிறது."

இலையுதிர் காலப் படம் ஒட்டச் சருகு பொறுக்கி வரச் சொன்னால், மூன்றாம் வகுப்பு வெறுங்கையோடு திரும்பியது. தவறு என்னுடையதுதான். திருமங்கலம் பக்கம் வேம்பு உதிர்வது மாசி, பங்குனியில். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர், மழைதான்.

ஒருவன் மட்டும் தீப்பெட்டியை நீட்டினான். உள்ளே ஈரக் கரிசல் மண். அதன்மேல் குங்குமச் சிவப்பில் ஒரு பட்டுப்பூச்சி; பட்டு நூற்பது அல்ல, வெல்வெட் பூச்சி என்பார்களே, அது. தொட்டதும் கால்களை மடக்கிக்கொண்டது.

கால் எத்தனை?

ஆறு என்றார்கள் சிலர். எட்டு என்றான் அவன். எட்டேதான். பெயர்தான் பூச்சி, உறவு சிலந்தியோடு. (எனக்கே போன வருடம்தான் தெரியும்.)

கரும்பலகையில் நான்கு பருவங்கள் எழுதியிருந்தேன். அழித்துவிட்டு எழுதினேன்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்.

யாரும் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் தீப்பெட்டிக்குள் இருந்தன.