குன்னூர் ஏறும்போது பைக்குக்குப் பைக் பேச்சு: வாக்கி டாக்கி எங்கே கேட்கும், எங்கே கேட்காது

மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு பாக்குத் தோப்புகள் வரை எந்த வாக்கி டாக்கியும் நன்றாகத்தான் கேட்கும். முன்னால் போகிற வண்டி கண்ணுக்குத் தெரிகிறதே! முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியதும் கதை மாறிவிடும். முன்வண்டி கல்லெறி தூரத்தில், தலைக்கு மேலேதான் இருக்கும். ஆனால் நடுவில் பாறை. கரகரவென்று பேச்சு அறுந்துபோகும். "அதிக வாட் செட் வாங்கணும்" என்று பலர் முடிவெடுப்பது இங்கேதான். வாட்டைப் பத்து மடங்கு கூட்டினாலும் இந்த வளைவுகளில் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். குன்னூர் வரையுள்ள 14 வளைவுகளிலும் பேச்சைக் காப்பாற்றுவது மைக் வைத்த இடமும், செட் மாட்டிய இடமும், வண்டிகள் போகும் வரிசையும்.

முதலில் எந்த செட் என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பேச 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கிறது. இதற்கென்றே வருபவை பெரும்பாலும் அரை வாட், ஆன்டெனா கழற்ற முடியாதவை. ஈ.டி.ஏ., அதாவது கருவி வகைக்கு அரசு தரும் அனுமதி, பெற்ற செட்டா என்று கேட்டு வாங்குங்கள். எல்லா அலைவரிசையிலும் பேசும் 5 வாட் சீன செட்டை வைத்துப் பேச அமெச்சூர் (ஹாம் ரேடியோ) லைசென்ஸ் வேண்டும். அதுவும் 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும், பேசுகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. குன்னூர் தாண்டியதும் வெலிங்டன், அருவங்காடு ராணுவப் பகுதியில் எந்த செட்டானாலும் அணைத்துவிட்டுப் போய்விடுங்கள். அங்கே நிறுத்திக் கேட்டால் விளக்கம் சொல்லி மாளாது.

இனி மைக். "சிக்னல் சரியில்லை" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு சிக்னலில் கோளாறே இல்லை, மைக்கில்தான். முழுமுக ஹெல்மெட்டில் பட்டன் மைக்கைத் தாடைப்பகுதியின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். உதட்டுக்கும் அதற்கும் ஒரு விரல் தடிமன் இடைவெளி போதும். வாய்க்கு நேர் எதிரே வைத்தால் மூச்சுக்காற்று 'புஸ் புஸ்' என்று அடிக்கும், அதனால் உதட்டின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். இரைச்சல் குறைக்கும் மைக்குக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. திருப்பி ஒட்டினால் இன்ஜின் சத்தம்தான் முதலில் போகும். தாடைக் காற்றுத் துளையின் நேர் வழியில் மைக் வரக்கூடாது. மேலே ஸ்பான்ஜ் உறை கட்டாயம். கத்தவும் கூடாது, கத்தினால் மைக் திணறிச் சொல் உடையும். பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுகிற குரலே போதும்.

ஸ்பீக்கர் காது துவாரத்துக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் விலகினாலும் பாதி சத்தம் போய்விடும். நான் சொல்வது, ஸ்பீக்கர் இடது காதில் மட்டும். முந்துகிறவன் வலப்பக்கம்தான் வருவான், அந்த ஹாரன் கேட்க வேண்டும்.

வாக்ஸ், அதாவது பேசினால் தானாகத் திறக்கும் வசதி, மலையில் வேண்டவே வேண்டாம். இரண்டாம் கியரில் இன்ஜின் உறுமினாலே செட் திறந்துகொள்ளும், மற்றவர்கள் வாய் திறக்க முடியாது. தண்ணீர் புகாத தனி பி.டி.டி. பட்டனை, அதாவது அழுத்தினால் மட்டும் பேச்சு போகும் பட்டனை, இடது கைப்பிடியின் உள்பக்கம், கிளட்ச் பிடிக்கும்போதும் கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் கட்டுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி வயர் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஹெல்மெட்டுக்குப் போகும் வயரில் இழுத்தால் கழன்றுவிடும் இணைப்பு இருக்க வேண்டும், வண்டி சாய்ந்தால் கழுத்து தப்பும். பட்டனை அழுத்தி அரை விநாடி பொறுத்துப் பேசுங்கள். இல்லாவிட்டால் "நில்லு" என்பதில் முதல் எழுத்து போய் "ல்லு" மட்டும் கேட்கும்.

செட்டிங் விஷயத்தில் எல்லாரும் ஒரே மாதிரி வைப்பதுதான் முக்கியம். ஒருவர் 25 கிலோஹெர்ட்ஸ் சேனல் அகலத்திலும் மற்றவர் 12.5-லும் வைத்திருந்தால் ஒரு பக்கம் சன்னமாகவும் மறுபக்கம் உடைந்தும் கேட்கும். 446-க்கு 12.5 தான். ஸ்கெல்ச், அதாவது யாரும் பேசாதபோது வரும் இரைச்சலை அடைக்கும் வசதி, 1 அல்லது 2, அதற்கு மேல் போனால் பலவீனமான பேச்சை செட்டே அமுக்கிவிடும். பேட்டரி சேமிப்பு, பேசி முடித்ததும் வரும் 'பீப்' இரண்டையும் அணைத்துவிடுங்கள். விடாமல் அழுத்தினால் பேச்சைத் தானாக நிறுத்தும் டைம்-அவுட் 60 விநாடி. ஜெர்கின் கைக்குள் பட்டன் சிக்கிக்கொண்டால் இதுதான் காப்பாற்றும். சீசனில் ஒன்றாம் சேனலில் ஊரே பேசும். வேறு சேனலுக்குப் போய், எல்லாரும் ஒரே சி.டி.சி.எஸ்.எஸ். டோன் (பேச்சோடு சேர்ந்து போகும், காதில் விழாத அடையாள ஒலி) வையுங்கள். டோன் வைத்தால் ரகசியம் என்று நினைக்காதீர்கள், அடுத்தவர் பேச்சு நம் காதில் விழாது, அவ்வளவுதான்.

செட்டைப் பேன்ட் பையில் வைத்தால் உடம்பே சிக்னலைக் குடித்துவிடும். தோள்பை வாரில், தோளுக்கு மேல் ஆன்டெனா நிமிர்ந்து நிற்கும்படி மாட்டுங்கள். வண்டி பேட்டரியிலிருந்து சார்ஜ் எடுத்தால் வரும் வில்லங்கம் வேறு. வண்டியை நிறுத்தி, ஸ்கெல்ச்சைத் திறந்து, ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பாருங்கள். 'டிக் டிக்' வேகம் கூடினால் ஸ்பார்க் பிளக் இரைச்சல். குறியீட்டில் 'ஆர்' உள்ள ரெசிஸ்டர் பிளக்கோ, 5 கிலோ ஓம் பிளக் கேப்போ போட்டால் அடங்கும். விசில் போல ஏறி இறங்கினால் சார்ஜிங் வழியாக வருவது. வயரைக் கழற்றி செட்டின் சொந்த பேட்டரியில் ஓட்டுங்கள், உடனே நிற்கும்.

வளைவுகளுக்கு வழி, நடுவண்டி. முன்வண்டி பாறைக்கு அப்பால் போய்விட்டால் அவர் சொன்னதை நடுவில் இருப்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், தன் கருத்தைச் சேர்க்காமல். இரைச்சலில் 'வலது', 'இடது' இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். 'மலைப்பக்கம்', 'பள்ளத்துப்பக்கம்' என்றால் குழப்பமில்லை. "பஸ் இறங்குது, ஒன்பதாம் வளைவு, நில்லு." இதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவையில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் பக்கத்தில் இருப்பவர் குரல்தான் ஜெயிக்கும், மற்றவருக்குத் தன் பேச்சு போகவில்லை என்பதே தெரியாது. அதனால் கேட்டவர் "சரி" சொன்னால்தான் கணக்கு.

கேத்தி பள்ளத்தாக்கு வந்ததும் எல்லாம் தலைகீழ். பள்ளத்தின் அந்தக் கரையில் போகிறவர் பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்பார். பின்தங்கியவரைத் தேட இதுதான் இடம்.

ஊட்டியிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர் இறங்கும்போது மூடுபனி சூழ்ந்தால் சிக்னல் குறையும் என்பார்கள். இந்த அலைவரிசைகளுக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. நனைந்த ஸ்பான்ஜ்தான் குரலைப் போர்வைக்குள் அமுக்குகிறது. பிழிந்து மாட்டுங்கள், இல்லாவிட்டால் மாற்று ஸ்பான்ஜ் ஒன்று பையில் இருக்கட்டும். நனைந்த இலையடர்த்தி மட்டும் கொஞ்சம் தின்னும், அதிலும் ஹெல்மெட்டில் மாட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் புளூடூத் இன்டர்காமைத்தான் அதிகம் தின்னும். மெஷ் வகை இன்டர்காம் என்றால் நடுவில் ஒருவர் விடுபட்டாலும் வேறு வண்டி வழியாகச் சுற்றிப் போகும், பழைய சங்கிலி வகையில் அதோடு அறுந்தது. நாலைந்து பேர் நெருக்கமாகப் போனால் மெஷ்ஷே சுகம், பட்டன் அழுத்தும் வேலையில்லை. இடைவெளி விட்டுப் போகிற கூட்டத்துக்கு 446 தான்.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். மழையில் வயர் பிளக்குக்கு மேலிருந்து வராமல், கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி கட்டினால் தண்ணீர் உள்ளே இறங்காது. கூடலூரில் டீக்கு நிறுத்தும்போது செட்டில் செருகிய மைக் வயரின் இரண்டு முனை பிளக்கைப் பிடுங்கித் துடைத்துவிடுங்கள். பச்சை பிடித்துவிட்டால் மறுநாள் கரகரப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.