உளுந்து போடாத தோசை

இருபத்திரண்டு நாள் வியட்நாமைத் தின்று தீர்த்துவிட்டு நேற்று புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வந்து சேர்ந்தோம். ஹனோயில் ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப், ஹோய் ஆனில் காவ் லாவ் நூடுல்ஸ். எல்லாம் நன்றாகவே இருந்தன. அம்மா சாய்ந்தது மட்டும் பான் செயோவிடம். அரிசிமாவில் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் கரைத்து ஊற்றி, இறாலும் முளைப்பயறும் வைத்து மடித்த முறுகல். "நம் தோசைதான், உளுந்து போட மறந்துவிட்டார்கள்" என்றார். கடைக்காரப் பெண்ணிடம் சைகையிலேயே பக்குவம் கேட்டு, ஒன்று ஊற்றியும் பார்த்தார். கிழிந்தது, பழி வாணலிக்கு.

சைகோன் மாரியம்மன் கோயிலில் வியட்நாமியர் ஊதுவத்தி ஏந்தி நின்றார்கள். பிரெஞ்சுக் காலத்தில் இங்கிருந்து அங்கே பிழைக்கப் போனவர்களை நினைத்தோ என்னவோ, அப்பா வெகுநேரம் பேசவில்லை. பசியாகவும் இருக்கலாம்.

இன்று பெரிய மார்க்கெட்டில் இறால் வாங்கியாயிற்று. வியட்நாமிலிருந்து வாங்கிவந்த மீன்சாற்றுப் புட்டி பெட்டிக்குள்ளேயே உடைந்துவிட்டது. அம்மாவின் பட்டுப்புடவை மணக்கிறது.