மூன்று மாதம்

எங்கள் திருமண அறிவிப்பை நானேதான் பலகையில் ஒட்டினேன். 2012, ஆடி மாதம். சார் பதிவாளர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக எனக்கு அது நான்காவது வருடம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி வரும் மனுக்களைப் பதிந்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று முப்பது நாள் ஒட்டிவைப்பது என் மேசை வேலை. ஆடியில் போய் ஒட்டுகிறாயே என்று அலுவலக உதவியாளர் அக்கா கையைப் பிடித்தார். "முப்பது நாள் கழிஞ்சா ஆவணி வந்துடும்க்கா" என்றேன்.

நான் கிறிஸ்தவள், அவன் இந்து. இந்தச் சட்டத்தில் இருவரும் அவரவராகவே இருந்து மணக்கலாம். மதம் மாறிய சான்றிதழோடு வேறு வகைப் பதிவுக்கு வரும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புதுப் பெயரில் கையெழுத்துப் போடும்போது சிலர் ஒரு நொடி பேனாவை நிறுத்துவார்கள். அந்த நொடி எனக்கு வேண்டாம் என்று பழகிய முதல் வருடமே அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் மாற வேண்டும் என்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருவருடைய நிரந்தர முகவரி வேறு ஊர் என்றால், அறிவிப்பின் நகல் அந்த ஊர் அலுவலகத்துக்கும் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். தேனிப் பக்கம் அவன் ஊருக்கான தபாலையும் நானே உறையில் போட்டேன். ஒட்டிய அன்றே பத்திர எழுத்தர் ஒருவர் பார்த்து வீட்டில் சொல்லிவிட்டார். நிலம் வாங்க விற்க வருகிறவர்கள் எல்லாம் நின்று படிக்கும் பலகையில் ஒரு பெண்ணின் பெயர், வயது, முகவரி. இது சரியில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். மணமக்கள் விரும்பினால் மட்டும் வெளியிட்டால் போதும் என்று 2021இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. நாங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அவனுடைய அப்பா வந்தார். கத்தவில்லை. ஆட்சேபணை எப்படி எழுதிக் கொடுப்பது என்று என்னிடமே கேட்டார். வயது குறைவு, முதல் துணை உயிரோடு இருப்பது, விலக்கப்பட்ட உறவுமுறை மாதிரியான காரணங்கள்தான் செல்லும், பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது செல்லாது ஐயா என்று முறைப்படி சொன்னேன். வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "பேரை மட்டும் மாத்திக்கம்மா. கோயில்ல வெச்சு நானே முடிச்சு வைக்கிறேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

மறுநாள் அவன் அதையே சொன்னபோதுதான் வந்தது. "பேருக்குத்தானே? மனசுல நீ நீயாவே இரு."

முப்பது நாள் முடிந்தது. ஆட்சேபணை எதுவும் வரவில்லை. மூன்று சாட்சிகளோடு அவன் வந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். அவன் வரவில்லை. ஒரு கையெழுத்துதானே, போட்டுவிடலாம் என்று எனக்கே எத்தனையோ இரவு தோன்றியது. அவர்கள் வீட்டில் தேர்ந்தெடுத்த பெயரைப் படுத்தபடி சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வேறு யாரையோ கூப்பிடுவது மாதிரி இருந்தது. அவன் குரலில் அந்தப் பெயரைக் கேட்க முடியாது என்று அப்போது தெரிந்தது.

அறிவிப்பு கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது காலாவதி. ஐப்பசி மழையில் ஒரு நாள் கெடு முடிந்தது. சார் பதிவாளர் வேறொருவரை எழுதச் சொன்னார். "என் மேசை வேலை சார், நானே எழுதுறேன்" என்று அறிவிப்புப் புத்தகத்தில் குறித்தேன். யார் கேட்டாலும் கட்டணமில்லாமல் காட்ட வேண்டிய புத்தகம் அது. அதில் எங்கள் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன.

சென்ற வாரம் படிவம் வாங்க ஒரு பெண் வந்தாள். குனிந்து, மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நான் பேரை மாத்தணுமா?"

"வேண்டாம்மா" என்றேன். பக்கத்தில் நின்ற பையனின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.