6 மி.மீ. ட்ரில் பிட்

பாரா-சைலீனை மற்ற சைலீன்களிலிருந்து பிரிக்கும் எங்கள் யூனிட்டில் அட்சார்பென்ட் (உறிஞ்சும் மணிகள்) நிரப்பிய 24 அடுக்குகள், அதாவது பெட்கள், உண்டு. அவற்றில் ஒரே ஒரு பெட்டிலிருந்து எடுக்கும்போது மட்டும் எக்ஸ்ட்ராக்ட்டில், அதாவது பாரா-சைலீன் வெளியே வரும் ஓட்டத்தில், அழுக்கான மெட்டா-சைலீன் ஏறினால், குழாயில் தங்கிய பழைய திரவத்தைக் கழுவும் லைன் ஃபிளஷ் மீது சந்தேகம் நிற்காது. ஃபிளஷ் அளவு போதவில்லை என்றால் எல்லா பெட்டிலும் அழுக்கு தெரியும். அட்சார்பென்ட்டின் ஈரம் தவறினாலும் அப்படித்தான். எந்தப் பெட்டுக்கு எந்த ஓட்டம் என்று மாற்றிவிடும் சுழல் வால்வில் ஒரு பெட்டுக்கான வழியில் மட்டும் கசிவு இருந்தால் இதே மாதிரி ஒற்றைப் பெட்டில் காட்டும். அதைத் தனியாகச் சோதித்து ஒதுக்கியாயிற்று. எடுக்கும் இடம் ஒரு பெட் நகரும் ஒவ்வொரு படியிலும் தனித்தனி சாம்பிள் எடுத்து, டிசார்பென்ட்டை (உறிஞ்சியதை விடுவிக்கும் திரவத்தை) கழித்து, பெட் எண்ணுக்கு எதிராக வரைந்தால் மேலிருந்து இரண்டாவது பெட்டில் ஒரு முள் நின்றது. கோளாறு அந்த பெட்டில், அல்லது அதன் கிரிட்டில், அதாவது பெட்டுக்கு மேலே ஓட்டைகள் வழியே திரவத்தைப் பரப்பும் தட்டில்.

ஷட்டவுனில் திறந்தபோது இரண்டிலுமே கோளாறு இருந்ததுதான் பிரச்சினை. பெட் கீழே உட்கார்ந்து, மேல் கிரிட்டுக்கும் அட்சார்பென்ட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தது. அந்த இடைவெளியில் மணிகள் புரண்டு உரசித் தூளாகி, தூள் ஸ்க்ரீனில் படிந்து, டிஸ்ட்ரிப்யூட்டர் ஓட்டைகளில் பலவற்றைப் பாதி அடைத்திருந்தது.

மெக்கானிக்கல் ஃபோர்மேன் டார்ச்சை ஓட்டைகள் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப 5 எம்எம் இருக்கு சார். சுத்தம் பண்ணாலும் மறுபடி அடைக்கத்தான் போகுது. 6 ஆக்கிடலாமா? ஒரு ஷிப்ட் வேலை."

"வேண்டாம்ணே. பிரஷர் ட்ராப் போயிடும்."

"ட்ராப் குறைஞ்சா பம்புக்கு நல்லதுதானே சார்?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. பம்ப் ஆள் யாரும் கேட்கும் கேள்விதான். டிஸ்ட்ரிப்யூட்டரில் இழக்கும் அழுத்தம் வீணாவதில்லை, எல்லா ஓட்டையும் சமமாகக் குடிக்க நாம் கொடுக்கும் கூலி அது என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொன்னேனா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை. கணக்கு மட்டும் அப்போதே தெளிவாக இருந்தது.

இயக்க வெப்பநிலையில் திரவத்தின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 720 கிலோ. ஓட்டையில் வேகம் நொடிக்கு 3 மீட்டர், வெளியேற்றக் குணகம் 0.6 என்று வைத்தால் ஓட்டையில் விழும் அழுத்தம் 9,000 பாஸ்கல், அதாவது 0.09 பார். உள்ளே கொண்டுவரும் குழாயில் வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்றால் அந்த வேகத்தால் வரும் அழுத்தம் (டைனமிக் பிரஷர்) 360 பாஸ்கல். குழாயின் முனைக்கும் தொடக்கத்துக்கும் நடுவே அழுத்தம் ஏறத்தாழ அந்த அளவு மாறலாம். 9,000இல் 360 என்பது 4 சதவீதம். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் ஓட்ட வேறுபாடு 2 சதவீதம். 5ஐ 6 ஆக்கினால் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது, அழுத்த இழப்பு பாதிக்கும் கீழே போய் 4,300 பாஸ்கலில் நிற்கிறது. ஓட்ட வேறுபாடு 4 சதவீதம். இரட்டிப்பு.

இது போக நடைமுறைத் தொல்லைகளும் உண்டு. உள்ளே வைத்துத் துளைத்தால் சீவல் கீழ் பெட்டில் விழும். ஓட்டையின் விளிம்பில் பிசிறு நிற்கும். பிசிறு உள்ள ஓட்டையும் வழித்த ஓட்டையும் ஒரே அளவு விடாது. ஆளுக்கு ஆள் ட்ரில் பிடிக்கும் கோணம் வேறு. ஆகவே மறுத்தது சரி. கணக்குப்படி இப்போதும் சரி.

ஆனால் மறுப்பைக் கேட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "அப்ப லோடிங்கைப் பாருங்க சார். பீமுக்குக் கீழ விட்டா கை முழுசா உள்ள போகுது."

பெட் எப்படியும் மறுநிரப்பத்தான் இருந்தது. உட்கார்ந்த பெட்டை யாரும் அப்படியே மூட மாட்டார்கள். மேலே இருப்பது ஒரே பெட் என்பதால் எடுப்பதும் சுலபம். ஆனாலும் கிரிட்டைத் தாங்கும் பீமுக்குக் கீழே கை முழுசாகப் போகிறது என்றால் அங்கே மணிகள் தளர்வாக நிற்கின்றன என்று பொருள். அந்தச் சொல்லை எண்களில் போட்டுப் பார்க்கும்போது எனது 2 சதவீதமும் 4 சதவீதமும் சின்னதாகிப் போகின்றன.

அரை மி.மீ. மணி, வெற்றிட விகிதம் (மணிகளுக்கு நடுவே காலியிடத்தின் பங்கு) 0.35, பெட்டின் முழுக் குறுக்குப்பரப்புக்குக் கணக்கிட்ட வேகம் நொடிக்கு 1 செ.மீ. என்று, மணிகள் நிரம்பிய பெட்டின் அழுத்த இழப்பைத் தரும் எர்கன் சமன்பாட்டில் போட்டால் ஒரு மீட்டர் பெட்டுக்கு 0.2 பாருக்குச் சற்றுக் குறைவான இழப்பு. பெட்டே ஓட்டையை விட இரண்டு மடங்கு எதிர்ப்புக் கொடுக்கிறது, அதுவே ஓட்டத்தைப் பரப்பவும் செய்கிறது. ஆனால் எங்காவது வெற்றிட விகிதம் 0.38 ஆனால் அங்கே அதே அழுத்தத்தில் சுமார் 30 சதவீதம் கூடுதலாக ஓடும். குறுக்குப்பரப்பில் 5 சதவீதம் மட்டும் அப்படித் தளர்வாக இருந்தால் மொத்த ஓட்டத்தில் ஏறத்தாழ 6.4 சதவீதம் அந்த வழியே போகிறது. அந்தத் திரவத்தில் 3 சதவீத அழுக்கு இருந்தாலே அந்தப் படியின் எக்ஸ்ட்ராக்ட்டில் 0.19 சதவீதம் சேர்ந்துவிடும். 99.8 சதவீதத் தூய்மை கேட்கும் இடத்தில் அனுமதி முழுதும் அங்கேயே தீர்ந்தது.

மணிகளை நிரப்பும் கருவியான டென்ஸ் லோடர் சுழன்று வீசும்போது பீமுக்கும் நடுக்குழாய்க்கும் பின்னால் நிழல் விழும். அங்கே மணி நேராக விழாமல் சரிந்து சேரும், தளர்வாக நிற்கும். அதனால் நிரப்பும்போது 30 செ.மீ. ஏறும்தோறும் நிறுத்தி, போட்ட எடையை ஏறிய கன அளவால் வகுத்து அடர்த்தி பார்க்க வேண்டும். நான்கு புறமும் நடுவிலும் மட்டம் பார்க்க வேண்டும். நிழல் இடங்களைக் கையால் நிரப்பி, மெல்லத் தட்டி இறுக்க வேண்டும். பெட் மேல் நேரடியாகக் கால் வைக்காமல் பலகை போட்டு நிற்க வேண்டும். டிரம்மைத் தேவைக்கு முன் திறக்கக் கூடாது, காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். இவை எல்லாம் நடைமுறைக் குறிப்பில் உள்ளவைதான். பீமுக்குக் கீழே கை விட்டுப் பார் என்பது மட்டும் அதில் இல்லை.

ஓட்டைகளைத் துடைத்துச் சுத்தம் செய்தோம். 4.9 மி.மீ. ஊசி ஒவ்வொன்றிலும் தடையில்லாமல் இறங்க வேண்டும், 5.1 மி.மீ. ஊசி எதிலும் இறங்கக் கூடாது. பெட்டும் அதே ஷட்டவுனில் மறுநிரப்பப்பட்டது. ஸ்டார்ட்-அப்புக்குப் பின் முள் காணாமல் போனது.

எதனால் போனது என்பதற்குத்தான் விடை இல்லை. ஓட்டைகள் பாதி அடைந்ததே முழுக் காரணமாக இருக்கலாம். ஒரு பக்கத்து ஓட்டைகள் அடைந்தால் திரவம் சுற்றி வர வேண்டும், ஓட்டம் சமமானாலும் வந்து சேரும் நேரம் சிதறும். தளர்வு காரணம் என்பதிலும் ஓட்டை உண்டு: பீமின் நிழல் மேல் 20, 30 செ.மீ. ஆழத்தோடு நின்றிருந்தால் 30 சதவீதம் என்ற எண் வெகுவாகக் குறையும். பழைய பெட்டை அடுக்கடுக்காக அளந்து எடுத்திருந்தால் ஆழம் தெரிந்திருக்கும். வாக்குவம் குழாய் போட்டு உறிஞ்சும் வேகத்தில் யார் அளப்பார்கள்?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்பது சோதனைக்கூடத்துக்கு நல்ல விதி. அறையைத் திறந்த பிறகு ஓட்டையை மட்டும் சுத்தம் செய்து, தளர்ந்த பெட்டை அப்படியே மூடச் சொல்ல எனக்கு மனம் வராது. அடுத்த முறையும் இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்வேன். 6 மி.மீ. பிட்டுக்கும் மறுப்புத்தான். பழைய பெட்டை எடுக்கும் முன் பீமுக்குக் கீழே, திறந்த இடத்தில், சுவரோரம் என்று மூன்று இடத்தில் அளவுகோல் இறக்கிப் பார்க்க வேலை அனுமதிச் சீட்டில் அரை மணி நேரம் சேர்த்திருக்கிறேன். அதைக் கேட்டதும் ஃபோர்மேன், "அரை மணி பத்தாது சார்" என்றார்.