உறைபனிக்கு முன்னும் பின்னும் கோல்ஃப் திடல்

ஸ்காட்லாந்தில் கோல்ஃப் திடல் பராமரிக்கும் எங்களுக்கு, ஆட்டக்காரர்கள் குறையத் தொடங்கும் அக்டோபரில்தான் வேலை கூடுகிறது. குளிர் கடுமையாவதற்குள், குழியைச் சுற்றியுள்ள கிரீன் பரப்பில் ஆண்டு முழுதும் மிதிபட்டு இறுகிய மண்ணைத் துளையிட்டுத் தளர்த்தி, மேலே மணலைத் தூவி, அது துளைகளுக்குள் இறங்கும்வரை தேய்த்துவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலைப் பேணிய ஓல்ட் டாம் மாரிஸ் பெரிதும் நம்பிய இந்த மணல் தூவும் முறைக்கு நிகரானதை நான் இன்னும் கண்டதில்லை. இலையுதிர் காலத்தில் நைட்ரஜன் உரத்தை மிகுதியாக இட்டால், இளசாகத் தழைக்கும் புல் மைக்ரோடோக்கியம் பூஞ்சைக்கு எளிதில் இரையாகும். ஆகவே உரத்தைக் குறைத்து, வெட்டும் உயரத்தைச் சற்றே கூட்டி, விடியற்காலையில் வளையும் நீண்ட கோலை வீசிப் புல்நுனியில் நிற்கும் பனித்துளிகளைத் தட்டிவிடுகிறோம்.

உறைபனி படிந்த நாள்களில் திடலைத் தாமதமாகத் திறப்பதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. உறைந்த புல்லை மிதித்தால் அதன் செல்கள் நொறுங்கி, சில நாள்களில் ஒவ்வொரு காலடியும் கருத்த தடமாகத் தெரியும். வளர்ச்சி நின்றுபோன பருவமாதலால் அத்தடம் வசந்தம்வரை ஆறாமலே கிடக்கலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸிலேயே குளிர்கால மாதங்களில், தொடக்க இடத்துக்கும் கிரீனுக்கும் இடையே குட்டையாக வெட்டப்பட்ட ஃபேர்வே புல்வெளியைக் காக்க, சிறு விரிப்பின்மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் வழக்கமான கிரீன்களுக்கு ஓய்வு தர அமைக்கும் தற்காலிக கிரீன்களைக் கண்டு முகம் சுளிக்கும் உறுப்பினர்களுக்கு நான் இதையே எடுத்துச் சொல்கிறேன்.