லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு தோள்வலி: வார்டு நாட்குறிப்பு

மார்ச் 4, திங்கள்

லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் ஆபரேஷனில், பித்தப்பை எடுத்தவர்கள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்ததும் கேட்பது இதுதான்: "வயித்துலதானே ஆபரேஷன், தோள்பட்டை ஏன் இப்படிக் கடுக்குது?" கேமராவுக்கு இடம் கிடைக்க வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிரப்புகிறார்கள். கடைசியில் வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும். உட்கார்ந்தால் அது மேலேறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு அடியில் நிற்கும். உதரவிதானத்தின் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகளிலிருந்து வருகிறது. தோள்முனையின் உணர்வும் அதே பாதையில்தான் போகிறது. அதனால் உதரவிதானம் உறுத்தினால் தோளில் வலி தெரிகிறது. படுத்தால் குறைந்து, உட்கார்ந்தால் கூடுவதே இதற்கு அடையாளம்.

மார்ச் 5, செவ்வாய்

பலருக்கும் ஆபரேஷனுக்கு மறுநாள்தான் வலி அதிகம். கூட இருப்பவர்கள் தைலம் தேய்த்துத் தோளை அமுக்கிவிடுகிறார்கள். தோளில் கோளாறே இல்லாததால் அதில் பெரிய பலன் இருக்காது. ஓமத்தண்ணீரும் அப்படித்தான். இந்த வாயு குடலுக்கு வெளியே இருக்கிறது, ஏப்பமாக வராது. ரத்தம் அதை உறிஞ்சி, நுரையீரல் மூச்சில் வெளியே விடும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும், சிலருக்கு ஒரு வாரம்.

மாத்திரையில் நேரம்தான் முக்கியம். "வலி வந்தா போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் வலி முற்றிய பிறகு அடக்குவது கஷ்டம். டாக்டர் பாராசிட்டமால் 650 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதியிருந்தால், முதல் இரண்டு நாள் கடிகாரம் பார்த்துப் போடுங்கள். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறோ குடல்புண்ணோ உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் பக்கம் தாமாகப் போகவே கூடாது.

மார்ச் 6, புதன்

எழுந்திருக்கும் முறையை இன்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மல்லாந்தபடியே நேராக எழுந்தால் தையல் இழுக்கும். அந்தப் பயத்திலேயே பலர் கட்டிலைவிட்டு இறங்குவதில்லை. முழங்காலை மடக்குங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களியுங்கள். இரண்டு காலையும் கட்டிலுக்குக் கீழே இறக்கி, அதே நேரத்தில் கையை ஊன்றி எழுங்கள். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லையென்றால் நில்லுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வராந்தாவில் நடந்தால் போதும். நடக்கும்போது தோள் கடுத்தால் திரும்பி வந்து தட்டையாகப் படுங்கள், சற்று நேரத்தில் தணியும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். வலிக்குப் பயந்து மேல்மூச்சாகவே விடாமல், மணிக்கு ஐந்தாறு முறையாவது ஆழமாக இழுத்து விடுங்கள். இல்லையென்றால் நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கும்.

தோளில் ஒத்தடம் இதமாக இருக்கும். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். வெந்நீர்ப் பையில் முக்கால் பாகத்துக்கும் குறைவாக ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். தையல் மேல் வைக்காதீர்கள். சர்க்கரை நோயால் மரத்துப்போன தோல் உள்ளவர்களுக்குச் சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும்.

மார்ச் 8, வெள்ளி

டிஸ்சார்ஜ் ஆனவர்கள் போனில் கேட்கிறார்கள். வலி நாளுக்கு நாள் குறைந்தால் கவலை வேண்டாம். குறைந்த வலி மறுபடி ஏறினாலோ, வயிறு கல்லுபோல இறுகி உப்பினாலோ, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கண் மஞ்சளாவது, விடாத வாந்தி இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பித்தநீர்க் கசிவும் உள்ளே ரத்தக் கசிவும் இதே உதரவிதானத்தை உறுத்தி இதே தோளில் வலி காட்டும். மூச்சுத்திணறல், நெஞ்சை அமுக்கும் வலி, இடது கைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் அதை வாயு வலி என்று விட்டுவிடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.