மேடம் சி.ஜே. வாக்கர்: ஒரு களிம்பு, ஒரு குடும்பம், ஒரு உயில்

மேடம் வாக்கர் தலைக்குத் தடவும் களிம்பு விற்றுப் பெரும் பணக்காரரான அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், முடியை நேராக்கும் சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர், மில்லியனர் என்றெல்லாம் எழுதிவிடுகிறார்கள். அந்தச் சீப்பு அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. ‘மில்லியனர்’ பட்டத்தை அவரே ஏற்கவில்லை. அதைவிடச் சுவாரசியமானது அவருடைய களிம்பு.

இயற்பெயர் சாரா பிரீட்லவ். 1867-இல் அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். 20 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தை லீலியாவோடு செயின்ட் லூயிஸுக்கு வந்து துணி வெளுத்துப் பிழைத்தார்.

அந்தக் காலத்தில் ஏழை வீடுகளில் தண்ணீர்க் குழாய் கிடையாது. தலைக்குக் குளிப்பது அபூர்வம், சோப்போ காரம். பொடுகு அடையாகப் படிந்து, புண்ணாகி, முடி கொட்டும். வாக்கரின் களிம்பில் கந்தகம், பெட்ரோலியம் ஜெல்லி, தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய் எல்லாம் இருந்தன. பொடுகை அடக்குவது கந்தகம். ஜெல்லி அதைத் தோலோடு ஒட்டவைக்கும்; மெழுகு வெயிலில் உருகி ஓடாமல் கெட்டிப்படுத்தும். கந்தக நாற்றத்தை மறைக்க வயலட் பூ வாசனை. அழுக்குத் தலையில் தடவினால் களிம்பு பொடுகின் மேலேயே நின்றுவிடும், தோலைத் தொடாது. அதனால் முதலில் தலையைக் கழுவித் தேய்த்துப் பொடுகை எடுக்க வேண்டும். பாதி குணம் அந்தக் கழுவலில்தான் என்பது என் கணிப்பு. டப்பாவை மட்டும் கடையில் வைத்து விற்காமல், முறையையும் கற்றுத்தரும் ஏஜென்ட்டுகளை அவர் உருவாக்கியதற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் அவரும், கூந்தல் பராமரிப்புச் சரக்கு விற்ற ஆனி டர்ன்போ என்பவரின் ஏஜென்ட்தான். 1906-இல் சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து, கணவர் பெயரிலேயே சொந்தச் சரக்கை இறக்கினார். விளம்பரம் கணவர் பொறுப்பு, தபாலில் வரும் ஆர்டர்கள் மகள் பொறுப்பு. 1908-இல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்கு ‘லீலியா காலேஜ்’ என்று பெயர். 1910-இல் தலைமையகம் இண்டியானாபொலிஸுக்குப் போனது. பல ரயில் பாதைகள் சந்திக்கும் ஊர், பார்சல் எந்தத் திசைக்கும் போகும்.

கொடையிலும் அதே கணக்குப்புத்தி. 1911-இல் அந்த ஊர் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்கு 1,000 டாலர் தருவதாகச் சொன்னதுதான் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பெரிதாகப் படுவது 1917 பிலடெல்பியா ஏஜென்ட் மாநாடு: அதிகம் விற்றவர்களுக்கு மட்டுமல்ல, சொந்த ஊரில் தர்மத்துக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கும் பரிசு.

1919 மே மாதம் இறந்தார். அதற்குச் சற்று முன்புதான் கறுப்பின மக்களைக் கும்பல் அடித்துக் கொல்வதை எதிர்த்து, அவர்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு திரட்டிய நிதிக்கு 5,000 டாலர் அறிவித்திருந்தார். கம்பெனியின் நிகர லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அறப்பணிக்கு என்றது உயில். பங்கை லாபத்தோடு கட்டிவிட்டதால், லாபம் குறைந்தால் கொடையும் குறையும். ஆனால் கம்பெனி மூழ்காது. அவர் கட்டிய வில்லா லெவாரோ மாளிகைக்கு அந்த வசதி இல்லை. 1931-இல் மகளும் இறந்தபின் அது என்.ஏ.ஏ.சி.பி. கைக்கு வந்தது. பொருளாதார மந்தக் காலம், வரியும் பராமரிப்பும் பெரும் சுமை, விற்றுவிட்டார்கள்.